காமராஜர்: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏழைப் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது எப்படி?

மும்பை தாராவியில் காமராஜர் பெயரில் ஓர் ஆங்கில வழிப் பள்ளி இயங்குகிறது. திருநெல்வேலி பக்கத்துக் கிராமங்களில் இருந்து கிளம்பி, தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பேரன், பேத்திகள் பலர் இன்று வங்கியிலும் ஐடி நிறுவனத்திலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவர் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் போய் நிற்கும்.

அந்த முதல் ஆளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதித்தது யார்? கூலிக்குப் போகவேண்டிய ஒரு பையனை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு பெண்ணை, வகுப்பறையில் உட்கார வைக்க அந்த வீடு எப்படி ஒத்துக்கொண்டது?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இந்தக் கேள்வியைத் தொட்டால் காமராஜரைத் தொடாமல் போக முடியாது. அவர் பெரிய மேடைப் பேச்சாளர் கிடையாது. அடுக்குமொழி வராது, இலக்கிய மேற்கோள் வராது. பள்ளிப் படிப்பையும் பாதியில் விட்டவர். ஆனாலும் கல்வி விஷயத்தில் அவர் அளவுக்கு மக்களைத் தன் பக்கம் இழுத்த முதலமைச்சர்கள் குறைவு. எப்படிச் சாதித்தார்?

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தார் காமராஜர். இன்றைய விருதுநகர்தான் அது. அப்பா குமாரசாமி நாடார், அம்மா சிவகாமி அம்மாள். காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். தங்கை நாகம்மாளையும் அவரையும் வளர்க்கும் பொறுப்பு அம்மா தலையில் விழுந்தது.

அவர் படித்தது க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளியில். 1889-ல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியின் பின்னணி முக்கியம். கோயில் நுழைவு உட்பட பல உரிமைகள் மறுக்கப்பட்டிருந்த காலத்தில், விருதுநகர் நாடார்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்திய பள்ளி அது. வியாபாரிகள் தங்கள் வணிகத்தில் இருந்து ‘மகிமை’ என்ற பெயரில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்குக் கொடுப்பார்கள். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியும் பணமும் பள்ளிக்குப் போகும். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஒரு பிடி அரிசி என்பது எந்த வீட்டுக்கும் பெரிய இழப்பு இல்லை. ஆனா, தினமும் அந்தப் பிடியை எடுத்துப் போடும் வீட்டுக்கு, இது நம்ம பள்ளி என்ற எண்ணம் தானாக வந்துவிடும். காமராஜரின் பிற்காலத் திட்டங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பிடி அரிசி நல்ல சாவி.

அப்படிப்பட்ட இலவசப் பள்ளி பக்கத்திலேயே இருந்தும் அவரால் தொடர முடியவில்லை. சுமார் 11, 12 வயதில் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் கடைக்கு வேலைக்குப் போனார். கட்டணம் இல்லை என்றால் மட்டும் ஒரு பிள்ளை பள்ளியில் தங்கிவிடாது என்பதற்கு அவரே உதாரணம்.

பம்பாய் ரயிலும் அரக்கோணமும்

காங்கிரஸில் சேர்ந்த காமராஜர், 1930 உப்பு சத்தியாகிரகத்தில் முதன்முறையாகச் சிறைக்குப் போனார். மொத்தமாகப் பார்த்தால் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட படிப்பை அங்கேதான் புத்தகங்கள் வழியாகப் பிடித்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார்.

அவருடைய தகவல் தொடர்பு முறை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் சம்பவத்துக்கு மும்பையோடு தொடர்பு உண்டு. 1942 ஆகஸ்ட் 8-ம் தேதி பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலையிலேயே காந்தி, நேரு உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த காமராஜர் சென்னைக்கு ரயில் ஏறினார். சென்னையில் இறங்கினால் போலீஸ் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார்.

அதன் பிறகு ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருந்த காங்கிரஸ்காரர்களை நேரில் சந்தித்துச் செய்தியைச் சொன்னார். சொல்லவேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் விருதுநகருக்குப் போய், தான் வந்திருப்பதைத் தானே போலீஸுக்குத் தெரிவித்துக் கைதானார். 1945-ல்தான் வெளியே வந்தார்.

மேடை ஏறி முழங்குவதைவிட, ஆளைத் தேடிப்போய் நேரில் பேசுவதுதான் அவர் பாணி. முதலமைச்சர் ஆன பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். எந்த ஊரில் எந்தக் குளம் இருக்கிறது, எந்த ஊருக்குச் சாலை இல்லை என்பதெல்லாம் கோப்பைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

1953: நன்றாகப் பேசத் தெரிந்தவர் சறுக்கிய இடம்

காமராஜருக்கு முன்பு முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. வழக்கறிஞர், எழுத்தாளர், தர்க்கத்தில் கெட்டிக்காரர். 1953-ல் அவர் ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இருக்கிற கட்டடம், இருக்கிற ஆசிரியர்களை வைத்தே இரண்டு ஷிப்டில் கூடுதல் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும் என்பது கணக்கு.

நிதிநிலையை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் தெரியும். ஆனால், கேட்கிறவர் யார்? செருப்புத் தைப்பவரின் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்றுக்கொள்வான்? சலவைத் தொழிலாளியின் மகள்? பெற்றோரின் காதில் அது சிக்கனத் திட்டமாக விழவில்லை, அப்பன் தொழிலே உனக்கும் என்ற தீர்ப்பாக விழுந்தது. ‘குலக் கல்வித் திட்டம்’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெரியாரும் திமுகவும் போராட்டத்தில் இறங்கினார்கள். காங்கிரஸுக்கு உள்ளேயும் எதிர்ப்பு கிளம்பியது.

1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவர் யார் என்ற போட்டியில் காமராஜர் 93 வாக்குகளும் சி.சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றார்கள். ஏப்ரல் 13-ம் தேதி காமராஜர் முதலமைச்சரானார். அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

கல்வித் துறையை சி.சுப்பிரமணியத்திடமே கொடுத்தார். ராஜாஜி அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் அவர். மே மாதத்தில் பழைய திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்ததும் அவர்தான். பழைய அரசில் இருந்தவர் வாயாலேயே அறிவிப்பு வந்ததால், பழிவாங்கல் என்ற பேச்சுக்கு இடம் குறைந்தது.

என்ன தடுக்கிறது?

திட்டத்தை ரத்து செய்வது சுலபம். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவைப்பதுதான் கஷ்டம்.

இன்றைக்கு விளம்பரத் துறையிலோ எச்ஆர் துறையிலோ இருப்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால், முதலில் ஒரு பிரசாரப் படம் எடுப்பார்கள். கல்வியின் அருமை பற்றி நாலு வாசகம் எழுதுவார்கள். ஆனா, 1950-களின் ஏழைப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாமல் இல்லை. கணக்குப்பிள்ளையும் தாசில்தாரும் எழுதப் படிக்கத் தெரிந்ததால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களைத் தடுத்தவை வேறு.

முதல் தடை தூரம். ஊரில் பள்ளி இல்லை என்றால் ஆறு வயதுப் பிள்ளையை எங்கே அனுப்புவது? ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பதை அரசு இலக்காக வைத்தது. பள்ளி இல்லாத சிற்றூர்கள் கணக்கெடுக்கப்பட்டு, புதிய பள்ளிகள் திறக்கப்பட்டன. பல இடங்களில் ஒரே ஓர் ஆசிரியர்தான். ஆனாலும் கதவு திறந்தது.

இரண்டாவது தடை கட்டணம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை கட்டணம் இல்லை என்ற நிலை படிப்படியாக வந்தது.

மூன்றாவது தடை பசி. மாடு மேய்க்கப் போகும் பையனுக்கு அங்கே கூழோ கஞ்சியோ கிடைக்கும். பள்ளிக்குப் போனால் அதுவும் இல்லை. சேரன்மாதேவி பக்கம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது, மாடு மேய்த்த ஒரு சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் கேட்டதாகவும், அங்கே போனால் சோறு கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. பல வடிவங்களில் உலவும் கதை இது. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்தப் பையனின் கணக்கு நிஜம். அந்தக் கணக்கு காமராஜருக்குப் புதிதும் இல்லை.

10 காசு சாப்பாடு

பள்ளியில் மதிய உணவு என்ற யோசனை காமராஜரோடு தொடங்கவில்லை. 1920-லேயே, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் இதைத் தொடங்கியது. பின்னர் அது தொடரவில்லை.

1950-களில் இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்றால் பணம் வேண்டும். ஏழை மாநிலத்தில் இது சாத்தியமா என்ற சந்தேகம் நிர்வாகத்தில் இருந்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவரும் காமராஜரும் எடுத்த வழி வித்தியாசமானது. அரசாணைக்காகக் காத்திருக்காமல், ஊர் மக்களை வைத்தே தொடங்கினார்கள். 1956-ல் எட்டயபுரம் வட்டாரத்தில் ஊர்க்காரர்களின் அரிசியிலும் காய்கறியிலும் மதிய உணவு தொடங்கியது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் செய்தன. 1957 நவம்பரில் அரசு தன் பங்கோடு உள்ளே வந்தது.

ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசு தரும். மீதி 4 காசை ஊர் தரவேண்டும்.

இந்த 4 காசுதான் கவனிக்கவேண்டிய இடம். முழுவதையும் அரசே கொடுத்திருந்தால் அது சர்க்கார் சாப்பாடு. நாலில் ஒரு பங்குக்கு மேல் ஊர் போட்டதால் அது நம்ம ஊர் சாப்பாடு ஆனது. நெல் வைத்திருந்தவர் நெல் கொடுத்தார், விறகு வைத்திருந்தவர் விறகு கொடுத்தார். கொடுத்தவர் அடுத்த நாள் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், வாத்தியார் வந்தாரா என்று கேட்பார். விருதுநகரின் பிடி அரிசி மாநில அளவுக்குப் பெரிதானது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்காக ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயங்க மாட்டேன் என்ற பொருளில் காமராஜர் பேசியிருக்கிறார். ஒரு முதலமைச்சர் கேட்கும் நிலைக்கு இறங்கி வரும்போது, கொடுக்கிறவருக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

1961-ல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக உணவுப் பொருட்கள் வரத் தொடங்கின. திட்டம் இன்னும் பல பள்ளிகளுக்குப் பரவியது.

ஊரைக் கூட்டிப் பள்ளியைச் சரிசெய்தார்கள்

அடுத்த கட்டம், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958 முதல் நடந்த இந்த மாநாடுகளில் அரசு பணம் கொடுப்பதற்குப் பதிலாக, ஊர் தன் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போடும். ஒரு பள்ளிக்கு இரண்டு பெஞ்ச், இன்னொன்றுக்குக் கரும்பலகை, வேறொன்றுக்குக் கிணறு. யார் எதைத் தருகிறார்கள் என்று அதே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வார்கள். தலைமை ஆசிரியர்கள், வட்டாரத்துப் பெரியவர்கள், அதிகாரிகள் எல்லாரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருட்களும் கட்டடங்களும் இப்படிச் சேர்ந்தன.

பக்கத்து ஊர் ஒரு வகுப்பறை கட்டிக் கொடுத்தால் நம்ம ஊர் சும்மா இருக்குமா? இந்த ஊர்ப் பெருமையைத்தான் மாநாடுகள் பயன்படுத்தின. கோயில் திருவிழாவுக்கு வரி போட்டுப் பழகிய ஊர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றவில்லை.

சீருடையும் இதே வழியில்தான் வந்தது. கிழிந்த துணியோடு வரும் பிள்ளை, நல்ல துணி போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக் கூச்சப்படும். அந்தக் கூச்சமும் படிப்பை நிறுத்தும் ஒரு காரணம். எல்லாருக்கும் ஒரே துணி என்றால், சாதியும் வசதியும் முதல் பார்வையிலேயே தெரியாது.

இன்றைய மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ‘ஃப்ரிக்‌ஷன்’ என்று ஒரு சொல் பயன்படுத்துவார்கள். ஒருவர் ஒரு செயலைச் செய்யாமல் இருப்பதற்கு மனமில்லாமை மட்டும் காரணமாக இருக்காது, வழியில் இருக்கும் சின்னச் சின்ன உராய்வுகளும் காரணம் என்பார்கள். காமராஜர் செய்தது அதுதான். முதலில் உராய்வைக் குறைத்தார், பிறகுதான் பேசினார். அதனால் பேச்சு குறைவாகவே தேவைப்பட்டது.

வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு சரியா?

காமராஜர் ஆட்சியில் எழுத்தறிவு 7 சதவீதத்தில் இருந்து 37 சதவீதமாக உயர்ந்தது என்று ஒரு செய்தி ஒவ்வொரு ஜூலையிலும் சுற்றி வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது வேறு. 1951-ல் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எழுத்தறிவு இருந்தது. 1961-ல் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆனது. பத்து ஆண்டில் இதுவே பெரிய பாய்ச்சல். இல்லாத எண்ணைச் சேர்த்து அதைப் பெரிதாக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று, இது தனி ஒருவரின் சாதனை இல்லை. சி.சுப்பிரமணியம், சுந்தரவடிவேலு, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், தினமும் சமைத்த பெண்கள், 4 காசு கொடுத்த ஊர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. குறைகளும் இருந்தன. நன்கொடையை நம்பியதால் வசதியான ஊருக்கும் ஏழை ஊருக்கும் பள்ளியின் தரத்தில் வேறுபாடு தொடர்ந்தது. ஐந்தாம் வகுப்புக்கு முன்பே படிப்பை விட்ட பிள்ளைகளும் நிறைய.

1963 அக்டோபர் 2-ல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு வரவேண்டும் என்ற தன் திட்டப்படி, காமராஜரே முதலமைச்சர் பதவியில் இருந்து விலகினார். பிறகு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். லால் பகதூர் சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் அவர் பங்கு பெரியது.

ஆனால் 1967-ல், சொந்த ஊரான விருதுநகரில், பெ.சீனிவாசன் என்ற திமுக மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸை மாநிலம் முழுக்கச் சாய்த்தன. பசியை முதலில் பார்க்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரின் கட்சி, அரிசிப் பிரச்னையில் மக்களைச் சமாதானப்படுத்த முடியாமல் தோற்றது.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் காலமானார். 1976-ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. அவர் பிறந்தநாள் தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாள். 1982-ல் எம்.ஜி.ஆர் மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1995-ல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. சமைத்த உணவுதான் தரவேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. மும்பை மாநகராட்சிப் பள்ளியில் இன்று ஒரு பிள்ளை சாப்பிடும் மதிய உணவுக்கும் எட்டயபுரத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மாட்டுங்காவில் 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. படிப்பும் அலுவலக வேலையும் ஏற்கெனவே பழகிய குடும்பங்கள் அங்கே அதிகம். சில கிலோமீட்டர் தள்ளி, தாராவியின் தோல் தொழிலாளிகளுக்கு நிலைமை வேறு. பிள்ளை கொண்டுவரும் கூலியை விடுவதா வேண்டாமா என்பதுதான் அங்கே கேள்வி. ஒரே நகரம், ஒரே மொழி என்றாலும், இந்த இரண்டு வீடுகளிலும் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க முடியாது.

இன்று தாராவியில் கல்வி வேண்டாம் என்று சொல்லும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தடைகள் மட்டும் மாறியிருக்கின்றன. ஆங்கில வழியில் சேர்க்க ஆசை, ஆனால் தனியார் பள்ளிக் கட்டணம் கையைக் கடிக்கும். மதிய உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், அதுவும் எட்டாம் வகுப்பு வரைதான். உதவி பெறாத தனியார் பள்ளிக்குப் போனால் அது கிடையாது.

பெரிய தடை இப்போது வந்துகொண்டிருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில், உள்ளேயே வீடு பெறத் தகுதி இல்லாத குடும்பங்கள் நகரின் வேறு பகுதிகளுக்கு மாற்றப்படும். வீடு எத்தனை சதுர அடி என்று எல்லாரும் பேசுகிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை நடந்து போன பள்ளி, இனி எத்தனை ரயில், எத்தனை பஸ் தள்ளி இருக்கும் என்பது பேச்சில் அவ்வளவாக வருவதில்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை என்றால், புதிய இடத்தில் அப்படியொரு பள்ளி இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தமிழ் அமைப்புகள் கல்வி உதவிக்காகக் கூட்டம் போடும்போது, இளைஞர்களை வழக்கமாக ஊக்க உரை நிகழ்த்தத்தான் கூப்பிடுவார்கள். காமராஜர் வழியில் யோசித்தால், உரைக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாலு வீட்டுக்குப் போய், பிள்ளை பள்ளியை விடுவதாக இருந்தால் எதனால் விடும் என்று கேட்பது. பதில் பஸ் கட்டணமாக இருக்கலாம், கழிப்பறையாக இருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாக இருக்கலாம். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகு, 4 காசு யார் போடுவது என்று பேச ஆரம்பிக்கலாம்.